பெட்டியை யார் அடுக்குவது?

மகள் மேற்படிப்புக்காக அயல்நாடு செல்கிறாள் என்றால் நம் வீடுகளில் கலியாணக் களை வந்துவிடுகிறது. அத்தை பருப்புப்பொடி இடிக்கிறார். சித்தி ஊறுகாய் போடுகிறார். அப்பா முகவரிடம் அலைகிறார். பெட்டியை அடுக்குவதற்கென்றே மாமா ஊரிலிருந்து வருகிறார். பயணம் போகவேண்டியவள் மட்டும் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். இது முறைதானா?

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். அங்குப் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால் நம் பெண்கள் பலர் அந்நாட்டை நாடுகின்றனர். கட்டணம் இல்லையே தவிர செலவு இல்லாமல் இல்லை. உதவித்தொகை பெறாதவர்கள் பெரும்பாலும் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கு ஒன்றில் முன்கூட்டியே செலுத்திக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோ ஆயிற்று. நம் பணத்தில் பத்து இலட்சத்துக்கும் மேல். அங்குப் போனபின் மாதம் 992 யூரோ வீதமே கைக்கு வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சோறு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். இந்தப் பணத்துக்காக எந்த நிலம் அடகு போயிற்று, வட்டி எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்பவை மகளுக்குத் தெரியுமா? "குழந்தை நிம்மதியாகப் படிக்கட்டும்" என்று மறைக்கும் பெற்றோரின் அன்பு புரிகிறது. ஆனால் தன் பெயரிலுள்ள கடனின் கணக்கை அறியாத பெண், மூன்றாம் மாதமே திண்டாடுவாள். அதை வீட்டில் சொல்லவும் அஞ்சுவாள்.

சமையலறைப் பொருள்களுக்கு வருவோம். ஊறுகாய் போகட்டும், பொடியும் போகட்டும். நெய்யும் பால்கோவாவும் கருவாட்டுக்கு முன்னே நிறுத்தப்படும். இறைச்சியையும் பால்பொருள்களையும் இந்தியாவிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பாட்டி கிளறிய பால்கோவா விமான நிலையக் குப்பைக்கூடைக்குப் போவதைவிட அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்குப் போவது மேல்! மேலும் அங்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். சனி இரவு போய் இறங்குபவளுக்கு ஒரு கிலோ அரிசியும், அதைக் குழையாமல் வடிக்கும் பழக்கமும் இருந்தால் போதும். அரிசியைப் பெட்டியில் வைத்துவிடலாம். பழக்கத்தைத் தோழியரே, இந்த விடுமுறையிலேயே தொடங்கவேண்டும்.

கடவுச்சீட்டு, மூலச் சான்றிதழ்கள், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுத் தாள் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி வழியில் தவறினால் துணிதான் போகும். ஒவ்வொரு தாளும் எதற்கு என்று அவளே படித்திருக்கவேண்டும். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அங்கே முகவர் வந்து நிற்கமாட்டார்.

"பெண்பிள்ளைக்கு இதெல்லாம் முடியுமா?" என்பவர்கள் தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்த அவர், பார்பர் உதவித்தொகை பெற்று 1924-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். கடிதம் கப்பலில் போன காலம் அது. எதற்கெடுத்தாலும் வீட்டைக் கேட்டு நடக்க வழியில்லை. இன்று கைப்பேசி இருப்பதால், அங்கே குழாய் ஒழுகினால் இங்கே அம்மா ஓடவேண்டியிருக்கிறது.

ஆகவே மாமா பெட்டியைத் தொடவேண்டாம். 23 கிலோ என்றால் 23 கிலோ. அவளே அடுக்கி, அவளே நிறுத்து, மாடிப்படியில் ஒருமுறை தானே தூக்கிப் பார்க்கட்டும். முடியாவிட்டால் முதலில் இரண்டாவது ஊறுகாய் ஜாடியை வெளியே எடுக்கலாம்.