சீமைச் சிங்கம் எதற்கு?

மத்திகிரிக் கிறிஸ்தவர்கள் தங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு கேடயச் சின்னம் வரைய நினைத்தால், சீமைச் சிங்கத்தைக் கடன் வாங்க வேண்டுமா? வேண்டியதே இல்லை. 1947 செப்டம்பர் 27-ந் தேதி சென்னையில் உதயமான தென்னிந்தியத் திருச்சபை, சிலுவையோடு நம் தாமரையை இணைத்தல்லவா தன் சின்னத்தை அமைத்துக்கொண்டது!

மத்திகிரியிலோ 1824-ல் தோன்றிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. சுவிசேஷகர் லூக்காவுக்கும் எருதே அடையாளம். சிலுவையடியில் ஓர் எருதை நிறுத்தினால் ஊரும் வேதமும் ஒன்றாகிவிடும்.

கேடயச் சாஸ்திரத்தின் விதி ஒன்றை மட்டும் மறக்கலாகாது. பொன்மேல் வெள்ளியையோ, சிவப்பின்மேல் நீலத்தையோ தீட்டினால் தூரத்திலிருந்து கண்ணுக்குப் புலப்படாது. சிவப்பு நிலத்தில் வெள்ளைச் சிலுவையும் வெள்ளை எருதும் போதும். தன் ஏர்மாட்டைக் கோயில் வாசலில் காணும் குடியானவனுக்கு அதன் பொருளை யாரும் விளக்கவேண்டியதில்லை.