ஹெர்மிஸை வீழ்த்திய விமானம் எது?

1942-ம் வருஷம் ஏப்ரல் 9-ந் தேதி காலை, ஜப்பானிய விமானங்கள் இலங்கையின் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசின. அன்று முற்பகலிலேயே, மட்டக்களப்புக்கு அருகே கடலில், 'ஹெர்மிஸ்' என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. இரண்டும் ஒரே கூட்டத்தின் வேலை என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று.

துறைமுகத்தில் குண்டு வீசியவை 'நகாஜிமா' பி5என் விமானங்கள். மூவர் ஏறிச் செல்லும் விமானம் அது. டார்பிடோவும் சுமக்க வல்லது. பறக்கையில் சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். அன்று அவை உயரத்தில் நேராகப் பறந்தபடியே குண்டுகளை உதிர்த்தன. ஹெர்மிஸைத் தாக்கியவையோ 'ஐச்சி' டி3ஏ விமானங்கள். இது இருவர் விமானம். இதன் சக்கரங்கள் மடங்குவதில்லை; உறையிட்ட கால்களைப்போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கோழிக்குஞ்சின்மீது பருந்து விழுவதுபோல் வானிலிருந்து பாய்ந்து குண்டை விடுவதே இதன் தொழில். ஹெர்மிஸ்மீது டார்பிடோ ஒன்றும் படவில்லை. அதை அழித்தவை அவ்வாறு பாய்ந்து போட்ட குண்டுகளே.

இந்த வேற்றுமையை அறிவதால் என்ன பயன் என்று நேயர்கள் கேட்கலாம். துறைமுகத்தில் அகப்படாமல் தப்புவதற்காகவே ஹெர்மிஸ் முந்திய இரவு வெளியேறியது. ஆனால் ஜப்பானியத் தளபதி நகுமோ, கப்பல்கள் தென்பட்டால் தாக்குவதற்கென்று டி3ஏ விமானங்களைத் தனியே நிறுத்தி வைத்திருந்தார். ஒரு கூட்டத்துக்குத் தப்பிய கப்பல் மற்றொன்றின் வாயில் விழுந்தது. எதிர்த்துப் பறக்க அதன் தளத்தில் ஒரு விமானங்கூட இல்லை. அதன் விமானங்கள் கரையில் விடப்பட்டிருந்தன. கப்பல் தலைவர் ஆன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் சுமார் 600 பேரைக் கரைசேர்த்தது.

அதற்கு மூன்று நாள் முன்னர், 6-ந் தேதி, நமது விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்திருந்தன. ஹெர்மிஸ் மூழ்கியதற்கு மறுநாள், புது டில்லியில், காங்கிரஸ் கிரிப்ஸ் திட்டத்தை நிராகரித்தது. இந்தியாவின் பாதுகாப்பு யார் பொறுப்பில் இருப்பது என்பதும் அப்பேச்சு முறிந்ததற்கு ஒரு முக்கிய காரணம். விமானமில்லாத விமானந்தாங்கியைக் கடலுக்கு அனுப்ப நேர்ந்தவர்கள்தான், நம் கரையைக் காக்கும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைக்க மறுத்தார்கள். மாண்ட மாலுமிகளுக்காக நாம் வருந்துகிறோம். அந்த மறுப்பையும் மறக்கமாட்டோம்.