பூச்சி மாத்திரையும் பள்ளிக்கூடக் கழிப்பறையும்



எங்க பக்கம் ஆடு வச்சிருக்கிற யாரும் பூச்சி மருந்து ஊத்துறதை மறக்க மாட்டாங்க. மழைக்கு முன்னால ஒரு தடவை, மழை முடிஞ்சு ஒரு தடவை. நடுவுல ஆடு சோர்ந்து தெரிஞ்சா கீழ் இமையை இழுத்துப் பார்ப்போம். உள்ள செவப்பா இருந்தா சரி. வெளுத்துப் போயிருந்தா புழு ரத்தத்தைக் குடிக்குதுன்னு அர்த்தம்.

இவ்வளவு தெரிஞ்ச ஆளுங்கள்லயே சிலபேர், பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை குடுக்குற அன்னைக்கு மட்டும் பிள்ளையை வீட்ல நிறுத்திக்கிறாங்க. கேட்டா, "மாத்திரை போட்டா மயக்கம் வருதாம், வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்கிறாங்க. ஆட்டுக்கு இருக்கிற அக்கறை பிள்ளைக்கு இல்லாமலா போகும்? விவரம் போய்ச் சேரலை, அவ்வளவுதான்.

2015-லேர்ந்து தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்குது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இந்த ரெண்டு தேதியை ஒட்டி வரும். 1 வயசுலேர்ந்து 19 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை, 400 மில்லிகிராம். ரெண்டு வயசுக்கு உள்ளே இருந்தா பாதி. மென்னு சாப்பிடணும். காசு கிடையாது. வயித்துல புழு நிறைய இருக்கிற பிள்ளைக்கு வயித்துவலி, குமட்டல், தலைசுத்தல் வரலாம். கொஞ்ச நேரத்துல சரியாயிடும். காய்ச்சலா இருக்கிற பிள்ளைக்கு அன்னைக்குக் குடுக்க மாட்டாங்க, குணமான பிறகு குடுப்பாங்க. இதுக்குப் பயந்து வீட்ல நிறுத்துறது சரியில்லை.

புழுவுல மோசமானது கொக்கிப்புழு. வெளிக்கு இருந்த மலத்துலேர்ந்து முட்டை மண்ணுக்குப் போகும். ஈர மண்ணுல பொரிஞ்சு, வெறுங்காலோட நடக்கிற பிள்ளையோட தோலைத் துளைச்சு உள்ளே ஏறும். கடைசியில குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். பிள்ளை வகுப்புல தூங்கி வழியும், நாலு அடி ஓடினா மூச்சு வாங்கும். வாத்தியார் சோம்பேறின்னு திட்டுவார்.

2019-21ல எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, 15 முதல் 19 வயசுப் பெண்பிள்ளைகள்ல நூத்துக்கு 59 பேருக்கு ரத்த சோகைன்னு இருக்கு. எல்லாத்துக்கும் புழு காரணம் இல்லை. சாப்பாட்டுல சத்துக் குறைவு, மாதவிலக்குன்னு பல காரணம் உண்டு. அதுக்குத்தான் வாரம் ஒரு தடவை இரும்புச்சத்து மாத்திரையும் குடுக்கிறாங்க. வெறும் வயித்துல போட்டா குமட்டும், சாப்பிட்ட பிறகு போடணும். மலம் கறுப்பாப் போகும், அதுக்குப் பயப்பட வேண்டாம். இதைச் சொல்லாம கையில குடுத்தா, பிள்ளைங்க ஜன்னல் வழியா வீசத்தான் செய்யும்.

ஆனா மாத்திரையோட வேலை முடிஞ்சிடாது. இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வந்தேன். கோரையை மேலாக மட்டும் புடுங்கினா பத்து நாள்ல திரும்ப முளைக்கும், கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கே. மாத்திரை இன்னைக்கு வயித்துல இருக்கிற புழுவைத்தான் கொல்லும். பிள்ளை மறுபடி அதே மண்ணை வெறுங்காலோட மிதிச்சா மறுபடி ஏறும். அதனால காலுக்குச் செருப்பு, கைக்குச் சோப்பு, தண்ணி வர்ற கழிப்பறை, இந்த மூணும் சேர்ந்தாத்தான் வைத்தியம்.

எத்தனையோ பள்ளிக்கூடத்துல கழிப்பறைக் கட்டடம் இருக்கு, தண்ணி இல்லை. தண்ணி இருந்தா கழுவ ஆள் இல்லை. பூட்டித்தான் கிடக்குது. பையனுங்க வேலி ஓரம் போயிடறாங்க. பெண்பிள்ளைங்க சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு, அதுக்காகவே தண்ணி குடிக்காம இருக்குதுங்க. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போற செலவு தனி.

பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, பூச்சி மாத்திரை தனியார் பள்ளிக்கும் உண்டு. நம்ம பிள்ளைக்கு எதுக்குன்னு விடாதீங்க. நாங்க வெளைவிக்கிற கீரையும் கேரட்டும் மண்ணோடதான் உங்க வீட்டுக்கு வருது. நல்லாக் கழுவணும்.

ரெண்டாவது, படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவர்கள் நிறையச் செய்றீங்க. ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர், ஆண்டுவிழா மேடை. சந்தோஷம். அடுத்த தடவை ஒரு தண்ணித் தொட்டி, ஒரு மோட்டார், கழிப்பறை கழுவுற அம்மாவுக்கு மாசச் சம்பளம், இதைக் கேட்டுப் பாருங்க. கல்வெட்டுல பேர் வராது, போட்டோ எடுக்கவும் ஒண்ணும் இருக்காது. ஆனா பத்தாவது படிக்கிற பிள்ளை தைரியமா ஒரு செம்பு தண்ணி குடிக்கும்.