கதவு உங்களுடையது, காரிடார் எல்லோருடையது!

ஸ்மார்ட் டோர்பெல் வாங்குபவர்கள் விலை, பேட்டரி, கேமரா தரம் எல்லாவற்றையும் அலசுகிறார்கள். அந்த கேமரா நாள் முழுக்க எதைப் பார்க்கப் போகிறது என்பதை யோசிப்பவர்கள் குறைவு. அடுக்குமாடியில் அதன் எதிரே இருப்பது பெரும்பாலும் அடுத்த வீட்டுக் கதவு.

பழைய மாமல்லபுரம் சாலையில் சோழிங்கநல்லூரைத் தாண்டினால் நாவலூர், அதற்கு அப்பால் சிறுசேரி சிப்காட். ஒரு காலத்தில் வயலும் ஏரியுமாக இருந்த இந்தப் பகுதியில் இன்று சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள். கணவன், மனைவி இருவரும் ஐடி வேலை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா, அம்மா. பகலில் கூரியர், மளிகை, சாப்பாடு, தண்ணீர் கேன் என்று ஓயாமல் பெல் அடிக்கும். இப்படிப்பட்ட வீட்டுக்கு வீடியோ டோர்பெல் ஆடம்பரம் இல்லை. வாசலில் நிற்பவர் யார் என்று ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே போனில் பார்க்கலாம். "அண்ணா, ஷூ ரேக் மேல வச்சிருங்க" என்று சொல்லிவிடலாம். முட்டிவலியோடு அம்மா எழுந்து வர வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள் முகம் தெரியாதவருக்குக் கதவைத் திறக்க வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் உண்மையான பயன்கள். அதனால் 'டோர்பெல் வேண்டாம்' என்று சொல்வதற்கு நியாயம் இல்லை. கேள்வி, அதை எப்படி மாட்டுவது, எந்த செட்டிங்கில் வைப்பது என்பதுதான்.

அமெரிக்க வாசலுக்குச் செய்த பெல்

இந்தக் கருவி பிரபலமானது அமெரிக்காவின் தனி வீடுகளில். 2018இல் அமேசான் வாங்கிய 'ரிங்' நிறுவனம்தான் இதை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது. அங்கே வாசலுக்கு முன்னால் சொந்தப் புல்வெளி, அதன் பிறகு நடைபாதை, அப்புறம்தான் தெரு. எதிர் வீடு தூரத்தில் இருக்கும். அகலமான கோணத்தில் படம் பிடிக்கும் லென்ஸ் அந்த வாசலுக்கு ஏற்றது.

அதே லென்ஸை நாவலூர் ஃபிளாட்டின் காரிடாரில் மாட்டினால் கதை வேறு. எதிர் வீட்டுக் கதவு சில அடி தூரத்தில். பக்கத்தில் லிஃப்ட். எதிர் வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், இரவு எத்தனை மணிக்குத் திரும்புகிறார், யாரோடு வருகிறார், கதவு திறந்தால் உள்ளே ஹால் எப்படி இருக்கிறது - எல்லாம் நேரக் குறிப்போடு பதிவாகும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கருவி அதன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் எதிர் வீட்டுக்காரரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

மாட்டும்போது தெரிய வேண்டியவை

முதலில் மின்சாரம். வெளிநாட்டு முறையில் வரும் ஒயர் இணைப்பு டோர்பெல்களுக்குப் பெரும்பாலும் 16 முதல் 24 வோல்ட் போதும். இங்குள்ள சாதாரண காலிங் பெல் பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுவது. பழைய பெல் ஒயரை அப்படியே புதுக் கருவியில் கொடுத்தால் கருவி கருகிவிடும். தகுந்த டிரான்ஸ்ஃபார்மரை எலெக்ட்ரீஷியன் வைத்துத் தர வேண்டும். இல்லையென்றால் பேட்டரி மாடல். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு பேட்டரி மாடல்தான் வசதி. சுவரில் துளை போடுவதற்கு முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, வைஃபை. பெரும்பாலான டோர்பெல்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இணையும். ரவுட்டர் உள் அறையில் இருந்து, நடுவில் கான்கிரீட் சுவரும் இரும்பு கிரில் கேட்டும் இருந்தால் சிக்னல் தடுமாறும். மாட்டும் இடத்தில் போனை வைத்து வைஃபை எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வீட்டுக்குள் அடிக்கும் மணி. அறிவிப்பு மகனின் போனுக்குப் போகிறது. மகன் மீட்டிங்கில் இருக்கிறார். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லை. வாசலில் நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார். தனியாக ஒலிக்கும் சைம் கட்டாயம் வேண்டும். கரன்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் ஒலிக்கிறதா என்று மாட்டிய அன்றே சோதித்துவிட வேண்டும்.

ஸோன் குழப்பம்

'அடுத்த வீட்டைப் பதிவு செய்யாதபடி ஸோன் வச்சுட்டேன்' என்று நம்பும் பலர் கவனிக்காத வித்தியாசம் ஒன்று உண்டு. செயலியில் இரண்டு வகை ஸோன்கள் இருக்கலாம். ஒன்று, அசைவு ஸோன். குறிப்பிட்ட பகுதியில் அசைவு இருந்தால் மட்டும் பதிவைத் தொடங்கு என்று சொல்வது. ஆனால் பதிவு தொடங்கிவிட்டால் லென்ஸுக்குத் தெரியும் எல்லாமே வீடியோவில் வரும், எதிர் வீட்டுக் கதவு உட்பட. இன்னொன்று, பிரைவசி ஸோன். அது அந்தப் பகுதியையே கறுப்பாக மறைத்துவிடும். நேரலையிலும் தெரியாது, பதிவிலும் இருக்காது. எதிர் வீட்டுக்காரருக்குப் பயன்படுவது இரண்டாவதுதான். எல்லா மாடலிலும் அது இருப்பதில்லை. வாங்கும் முன் பார்க்க வேண்டிய முதல் வசதி இதுவே.

ஒலி இன்னும் பெரிய பிரச்சினை

2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இங்கே உதவும். அண்டை வீட்டுக்காரரின் ரிங் டோர்பெல்லும் கேமராக்களும் தன் அந்தரங்கத்தைப் பாதிக்கின்றன என்று ஒரு பெண் தொடர்ந்த வழக்கு அது. டோர்பெல்லின் வீடியோவை நீதிபதி பெரிய தவறாகப் பார்க்கவில்லை. அந்தப் பெண் கடந்து போகும்போது தற்செயலாகத்தான் அதில் பதிவாகிறார் என்றார். ஆனால் ஒலிப்பதிவு அளவுக்கு மீறியது என்றார். அந்தக் கருவிகள் சுமார் 40 அடி தூரம் வரை பேச்சைப் பிடிக்கக் கூடியவை. கேமரா இருப்பதே தெரியாமல் பேசுபவர்களின் உரையாடல்கூட பதிவாகிவிடும் என்பது நீதிமன்றத்தின் கவலை.

அந்த 40 அடியை ஒரு ஃபிளாட் காரிடாரில் அளந்து பாருங்கள். பல கட்டடங்களில் முழு தளமும் அதற்குள் வந்துவிடும். அங்கே அண்டை வீட்டுப் பெண் 'கடந்து போகிறவர்'. இங்கே எதிர் வீட்டுக்காரர் கடந்து போகிறவர் இல்லை. அவருடைய வாசலே ஃபிரேமுக்குள் இருக்கிறது. வாசலில் நின்று போனில் மருமகளைப் பற்றிப் பேசினாலும், டாக்டர் சொன்னதைச் சொன்னாலும், சம்பளப் பிரச்சினையைப் புலம்பினாலும் அது இன்னொருவரின் கிளவுடில் சேர்ந்துவிடும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி எதிர் வீட்டுக்காரர் புகார் கொடுக்க முடியுமா? கஷ்டம்தான். ஒரு தனிநபர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 3ஆவது பிரிவே சொல்கிறது. ஐரோப்பாவில் நிலைமை வேறு. வீட்டு கேமரா பொது இடத்தையும் பதிவு செய்தால் அதை 'வீட்டுத் தேவை மட்டும்' என்று சொல்ல முடியாது என ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவும் அந்தரங்கமான காட்சிகளைப் படம் பிடிப்பதைத் தண்டிக்கின்றன. ஆனால் காரிடாரில் ஒருவர் வந்து போவதைப் பதிவு செய்வது அந்தக் குற்றங்களுக்குள் அடங்காது.

ஒரு வெளிச்சம் கல்கத்தாவிலிருந்து வந்தது. ஒரே வீட்டில் வசிக்கும் மற்றவரின் சம்மதமில்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் சிசிடிவி இயக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பில் தலையிட மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எதிர் ஃபிளாட் விவகாரத்துக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் பகிர்ந்து வாழும் இடத்தில் பாதுகாப்பு என்ற ஒரு காரணம் மட்டும் போதாது, சம்மதமும் வேண்டும் என்ற திசையை அது காட்டுகிறது.

வாசலுக்கு வருபவர்கள்

எதிர் வீட்டுக்காரராவது அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து கேட்பார். டெலிவரி ஊழியர் யாரிடம் கேட்பார்? பெரிய குடியிருப்புக்குள் வரும் ஓர் ஊழியர் கேட்டில் செயலி வழியே அனுமதி வாங்குகிறார், அங்கே ஒரு கேமரா. லிஃப்டில் இன்னொன்று. வாசலில் மூன்றாவது. மூன்றாவது கேமராவில் மட்டும் பதிவு ஒரு தனிநபர் கையில் இருக்கிறது. பார்சலைக் கொஞ்சம் வேகமாக வைத்தார் என்றால் அந்த வீடியோ அடுத்த நிமிடம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில். அவர் அன்று எத்தனை மாடி ஏறினார், எத்தனை நிமிடம் மிச்சம் வைத்திருந்தார் என்பது அந்த வீடியோவில் இருக்காது.

அமெரிக்காவின் 'டேட்டா அண்ட் சொசைட்டி' ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் பேசியது. டோர்பெல் கேமரா வாடிக்கையாளரை டெலிவரி ஊழியரின் இன்னொரு முதலாளியாக மாற்றுகிறது என்பது அதன் சாரம். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கும் இதே நிலைதான். அவர் எத்தனை நிமிடம் தாமதமாக வந்தார் என்ற பட்டியல் செயலியில் தானாகவே உருவாகிவிடும். யாரும் கேட்டு வாங்காத வருகைப் பதிவேடு அது.

'பாதுகாப்புக்குத்தானே?'

இந்தக் கேள்வி நியாயமானது. சென்னையில் போலீஸ் கமிஷனராக ஏ.கே.விஸ்வநாதன் இருந்தபோது 'மூன்றாவது கண்' இயக்கம் தெருவெங்கும் கேமராக்களைக் கொண்டுவந்தது. 2021இல் கம்பாரிடெக் தரவை வைத்து வெளியான உலகப் பட்டியலில் சதுர மைலுக்கு 609.9 கேமராக்களுடன் சென்னை 3ஆவது இடத்தில் இருந்தது. கேமரா என்றால் நல்லது என்ற எண்ணம் இங்கே ஆழமாகப் பதிந்திருக்கிறது.

ஆனால் தெரு கேமராவும் காரிடார் கேமராவும் ஒன்றல்ல. தெருவில் போகிறவர் ஆயிரத்தில் ஒருவர். காரிடாரில் பதிவாகிறவர்கள் தினமும் அதே நாலைந்து பேர். அதோடு, பதிவு வீட்டுக்காரரிடம் மட்டும்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களை ஊழியர்கள் பார்க்க முடிந்த விவகாரத்தில் 2023 மே மாதம் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ரிங் மீது நடவடிக்கை எடுத்தது. 58 லட்சம் டாலர் செலுத்த அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அசோசியேஷன் செய்ய வேண்டியது

சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காரிடாரும் படிக்கட்டும் லிஃப்டும் பொதுப் பகுதி. அங்கே கார் நிறுத்தவும் செருப்பு வைக்கவும் விதி போடும் அசோசியேஷன், கேமராவுக்கும் ஒரு பக்க விதி எழுதலாம்.

ஒன்று: மாட்டும் முன் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் சொல்ல வேண்டும், லென்ஸில் என்ன தெரிகிறது என்று போனில் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

இரண்டு: மற்றவர் கதவு தெரிந்தால் பிரைவசி ஸோன் கட்டாயம். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் கோணம் மாற்றும் சாய்வுத் துண்டு வைத்துத் திருப்ப வேண்டும்.

மூன்று: யாராவது பட்டனை அழுத்தினால் மட்டும் பதிவு. அசைவுக்கெல்லாம் பதிவு வேண்டாம். இதில் மாட்டியவருக்கும் லாபம் உண்டு. லிஃப்ட் கதவு திறக்கும்போதெல்லாம் போன் அலறினால் கடைசியில் அறிவிப்பையே அணைத்துவிடத்தான் தோன்றும். பிறகு கருவி இருந்தும் பயன் இல்லை.

நான்கு: ஒலிப்பதிவு அணைக்கப்பட வேண்டும். பெல் அடித்தவரோடு பேசும் வசதி மட்டும் இருந்தால் போதும்.

ஐந்து: வீடியோ குழுவில் போகக் கூடாது. திருட்டு, தகராறு என்றால் அசோசியேஷனுக்கும் போலீஸுக்கும் மட்டும். மற்றவை சில நாட்களில் தானாக அழிய வேண்டும்.

இந்த ஐந்தையும் பின்பற்றினால் அம்மாவின் பாதுகாப்பு கொஞ்சமும் குறையாது. வாசலில் நிற்பவர் முகம் தெரியும், பேசலாம், ஆதாரமும் இருக்கும். குறைவது எதிர் வீட்டுக்காரரின் தினசரிக் கால அட்டவணை மட்டும்தான். அது எந்த ஃபிளாட்காரருக்கும் தேவையில்லாத ஒன்று.

வீடு பூட்டிக் கிடக்கும் நாளில் பார்சலை வாங்கி வைப்பது எதிர் வீடுதான். இரவில் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றால் முதலில் ஓடி வருவதும் அவர்கள்தான். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவர்கள் கதவைத் தட்டி, "இப்படி ஒண்ணு மாட்டப் போறோம், உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்க இரண்டு நிமிடம் போதும்.