வேகமும் மனச்சாட்சியும்



பள்ளிப்பட்டிலிருந்து திருத்தணிக்கோ, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து சென்னைக்கோ நாள்தோறும் சென்று வருவோருக்கு இக்காட்சி புதிதன்று. எதிரே வரும் வண்டி இருமுறை விளக்கை மின்னுகிறது. நம்மவரும் குறிப்பறிந்து வேகத்தைக் குறைக்கிறார். சற்றுத் தொலைவில் மர நிழலில், வேகத்தை அளக்கும் கருவியுடன் காவலர் நிற்கிறார். அவரைக் கடந்ததும் வண்டி பழைய வேகத்தில் பாய்கிறது.

இவ்வாறு விளக்கை மின்னுவதைப் பிறரன்புச் செயலென்றே பலர் கருதுகின்றனர். ஒரு சகோதரனை அபராதத்திலிருந்து காத்தோம் என்னும் மனநிறைவு அவர்களுக்கு. ஆனால் அடுத்த ஊரின் பள்ளி வாயிலில் சாலையைக் கடக்கும் குழந்தையைக் காத்தவர் யார்? இக்கேள்வியை நாம் ஒவ்வொருவரும் எழுப்பிப் பார்த்தல் நலம்.

காவலர் வேகத்தைத் தடுப்பது இக்காலத்து வழக்கமன்று. 1896ஆம் ஆண்டு சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், 2 மைல் வேகமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 8 மைல் வேகத்தில் சென்ற வால்ட்டர் ஆர்னால்டு என்பவரைக் காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திப் பிடித்தார். விதித்த அபராதம் 1 ஷில்லிங். அதைக் கேட்டு இன்று நாம் நகைக்கலாம். ஆயினும் அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் தாய், தம் மகளின் கண்ணெதிரே மோட்டார் வண்டி மோதி உயிர் துறந்தார்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் மாண்டனர் என மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 71 பேரின் சாவுக்கு மிகுவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. தமிழகத்தில் மாண்டோர் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். ஒவ்வொரு மாலையும் 49 இல்லங்களில் ஒருவர் வீடு திரும்பவில்லை.

வேகத்தால் நாம் அடையும் ஆதாயம் என்ன? 20 கிலோமீட்டர் தொலைவை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 20 நிமிடம் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 15 நிமிடம். மிஞ்சுவது 5 நிமிடமே. இழப்போ பெரிது. வேகம் இரு மடங்கானால் மோதலின் வலிமை நான்கு மடங்காகிறது. தடையை அழுத்தியபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் அவ்வாறே பெருகுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு தடையை அழுத்த ஒரு விநாடி தாமதித்தால், அதற்குள் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது. கரும்பு ஏற்றிய வண்டியும், மாடும், மழலையும் ஒரே சாலையில் செல்லும் நம் ஊர்களில் இந்த 16 மீட்டரே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரம்.

திருச்சபை இதனை வெறும் போக்குவரத்து விதியாகக் கருதவில்லை. வேக மோகத்தாலோ குடிபோதையாலோ தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் ஊறு விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என மறைக்கல்வி நூல் தன் 2290ஆம் எண்ணில் போதிக்கிறது. 2007ஆம் ஆண்டு சூன் மாதம் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டியில் வாகன ஓட்டிகளுக்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. அவற்றில் முதலாவது, கொலை செய்யாதே என்பதே. அதிகாரத்துக்குத் தண்டனை பற்றிய அச்சத்தால் மட்டுமின்றி மனச்சாட்சியின் பொருட்டும் பணியவேண்டும் என்று புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் உணர்த்துகிறார். காவலர் நிற்கும் இடத்தில் மட்டும் ஒழுங்காக ஓட்டுபவர் அச்சத்தை அறிவார். மனச்சாட்சியை இன்னும் கேட்கவில்லை.

சட்டத்துக்கும் கடமை உண்டு. அது அறிவுக்கு இசைந்ததாய், பொதுநலம் நாடுவதாய், மக்களுக்கு அறிவிக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாரின் போதனை. 2023ஆம் ஆண்டு சூனில் சென்னையில் பகல் நேர வரம்பு 40 கிலோமீட்டர் என அறிவிக்கப்பட்டபோது மக்கள் முறையிட்டனர். நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வண்டிகளுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் எல்லா வண்டிகளுக்கும் 30 எனப் புதிய வரம்புகள் வந்தன. குறையிருப்பின் முறையிடுவது இவ்வாறு நேர்மையான வழி. நம் சாலையில் வரம்புப் பலகை இல்லையேல் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். ஆனால் பிடிபட்டபின் இரசீது இன்றிக் கையில் திணித்துத் தப்புவது கையூட்டு. கொடுப்பவரையும் வாங்குபவரையும் அது ஒருங்கே கறைப்படுத்துகிறது.

பெற்றோரே, வேலை நேரத்துக்குப் பிந்திவிடுவோம் என்று பிள்ளைகள் பறப்பதற்குப் பல வேளைகளில் வீட்டின் தாமதமே காரணம். பத்து நிமிடம் முன்னதாக உணவு தந்து அனுப்புங்கள். பதினெட்டு நிறையாத மகனிடம் வண்டிச் சாவியைத் தராதீர்கள். புறப்படுமுன் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, மெதுவாகப் போய் வா என்று சொல்லுங்கள். எதிரே வருபவருக்கு விளக்கை மின்ன விரும்பினால், பள்ளி விட்டுப் பிள்ளைகள் சாலையைக் கடக்கும்போது மின்னுங்கள். அதுவே உண்மையான பிறரன்பு.

ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காத்தருள்வாராக!