கருவி வாங்கித் தருவதோடு தர்மம் முடிவதில்லை

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் ஒருவர் துண்டை விரித்து நிற்கிறார். சிறுநீரகம் செயலிழந்த ஓர் ஏழையின் டயாலிசிஸ் செலவுக்கான வசூல் அது. சேலத்துக் கொலுசுப் பட்டறைகளிலும் நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் உழைக்கும் நம் சகோதரர்கள் பத்தும் இருபதுமாக இட்டுச் செல்கின்றனர். அடுத்த மாதம் அதே துண்டு. நோயாளி மட்டும் வேறு. இந்த ஈகையைக் குறை கூற நாம் வரவில்லை. இதோடு நின்றுவிடுகிறோமே என்பதுதான் நம் கவலை.

நோய் முற்றினால் நம் பகுதி மக்களில் பலர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்படுகின்றனர். சேலத்திலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அம்மருத்துவமனையின் வரலாற்றில் நம் சமுதாயத்திற்கும் ஓர் இடம் உண்டு. அது பெருமை கொள்ளத்தக்க இடம் அன்று. அமெரிக்க மிஷனரி மருத்துவரின் மகளான ஐடா ஸ்கடர் இளம் வயதில் திண்டிவனத்தில் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூவர் தத்தம் மனைவியின் பிரசவத்திற்கு உதவ அவரை அழைத்தனர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அந்நிய ஆண் பார்க்கலாகாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். மூன்று பெண்களும் இறந்தனர். அம்மூன்று கணவர்களுள் ஒருவர் முஸ்லிம் என்பது ஐடா பின்னர் பலமுறை எடுத்துரைத்த செய்தி.

அவர் மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பி வந்தார். நியூயார்க் வங்கியாளர் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அங்கேதான் நடந்தது. பொருள் கொடுத்த அமெரிக்கர்களுக்கு வேலூர் கடல் கடந்த ஊர். பெரும்பாலோர் அதைக் கண்ணால் கண்டதுமில்லை. அவர்களது சமய நோக்கில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் முகமறியாத நோயாளிக்காகத் தலைமுறைகளைக் கடந்து நிற்கும்படி கொடுத்தனர் என்பதை மறுக்க இயலுமா?

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, வக்ஃப் சொத்துகளின் வருவாயில் நடந்தது. கட்டடத்தோடு, அதை நடத்தும் செலவுக்கும் அவர் வழி செய்திருந்தார்.

நாம் தவறவிடுவது இந்த இரண்டாவது பகுதியைத்தான். ஒரு டயாலிசிஸ் இயந்திரத்தை வாங்கித் தந்து, கொடுத்தவர் பெயரைப் பலகையில் பொறிப்பது எளிது. ஆனால் ஒருமுறை இரத்தத்தைச் சுத்திகரிக்கும் நான்கு மணி நேரத்தில் அதற்கு ஏறக்குறைய 120 லிட்டர் தூய்மையான நீர் தேவை. சுத்திகரிப்பு அமைப்பு, தடையற்ற மின்சாரம், பயிற்சி பெற்ற பணியாளர், பழுது நீக்கும் ஏற்பாடு ஆகியவற்றுள் ஒன்று இல்லையெனினும் அது துணி போர்த்திய பொருளாக மூலையில் கிடக்கும்.

எனவே சேலம், நாமக்கல் மாவட்ட ஜமாஅத்துகளின் முன் ஒரு கருத்தை வைக்கிறோம். தனித்தனியே வசூலிப்பதை விடுத்து ஒன்று சேர்வோம். அரசு மருத்துவமனை நிர்வாகத்திடம் முதலில் கேட்போம்: உங்களுக்கு எது தேவை? எதைப் பராமரிக்க இயலும்? திரட்டும் தொகையில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்றே ஒதுக்குவோம். ஜகாத்தைத் தகுதியுடையவரின் உடைமையாக ஒப்படைக்க வேண்டும் என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. ஆகவே அது ஏழை நோயாளியின் கைக்கே செல்லட்டும். கருவிக்கு ஸதகாவையும் வக்ஃபையும் பயன்படுத்துவோம். ஐயமிருப்பின் ஆலிம்களிடம் தெளிவு பெறுவோம்.

அந்தக் கருவியில் படுப்பவர் எம்மதத்தவர் என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. மரணத்திற்குப் பின்னும் நன்மை தொடரும் ஸதகா ஜாரியாவைப் பற்றி நம் மிம்பர்களில் ஓயாது கேட்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமே ஜாரியா. நின்றுபோனது வெறும் இரும்பு. நம் ஈகை நின்றுபோகாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.