தனித்தொகுதியில் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? 1952 சொல்லும் பதில்

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில், கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நம்ம தொகுதி தனித்தொகுதி. எப்பவும் நம்ம ஆள்தான் ஜெயிக்கிறார். அப்புறம் ஏன் சேரியில ஒரு பிரச்சினைன்னா அவர் வாயே திறக்க மாட்டேங்கிறார்?"

"ஆளு சரியில்ல" என்றான் ஒரு தம்பி. நாமும் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறோம். ஆளை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நம்புகிறோம். எத்தனை பேரை மாற்றிப் பார்த்துவிட்டோம்? குடியரசான இந்தியா நடத்திய முதல் தேர்தலைத் திரும்பிப் பார்த்தால், சிக்கல் ஆளிடம் மட்டும் இல்லை என்பது தெரியும்.

1951 அக்டோபர் 25 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் சினி பகுதியில் வாக்குப்பதிவு தொடங்கியது. 1952 பிப்ரவரி வரை நீடித்தது. வாக்காளர்கள் சுமார் 17 கோடியே 30 லட்சம் பேர். அதற்கு முன்பு சொத்து, வரி, படிப்பு என்று ஏதாவது ஒன்று இருந்தவருக்குத்தான் வாக்கு. ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் ஒரே மதிப்புள்ள வாக்கு என்பது இந்த மண்ணுக்குப் புதிது. எழுதப் படிக்கத் தெரியாத மக்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். காங்கிரசுக்கு நுகம் பூட்டிய காளைகள், அண்ணல் அம்பேத்கரின் பட்டியல் சாதிகள் கூட்டமைப்புக்கு யானை. சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி', 'இன்னார் மகள்' என்று மட்டும் பதிவான சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டுப் போனார்கள். குறைகள் இருந்தன. ஆனாலும் அது பெரிய காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தத் தேர்தலில்தான், அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவர் தோற்றார்.

அண்ணல் பம்பாய் நகர் வடக்குத் தொகுதியில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஓர் இடம் பொது, ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு. ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள், ஒரே வேட்பாளருக்கு இரண்டையும் போடக் கூடாது. தனி இடத்துக்குக் காங்கிரஸ் நிறுத்திய நாராயண் கஜ்ரோல்கர் பெற்ற வாக்குகள் 1,38,137. அண்ணல் பெற்றவை 1,23,576. வித்தியாசம் 14,561.

கஜ்ரோல்கரும் பட்டியல் சாதிக்காரர்தான். அவரைத் திட்டுவதால் நமக்கு ஒரு பயனும் இல்லை. நாம் கேட்க வேண்டியது வேறு: அந்த இடத்துக்கு யார் போக வேண்டும் என்று முடிவு செய்தது யார்? தொகுதியின் எல்லா வாக்காளர்களும். அவர்களில் பட்டியல் சாதியினர் சிறுபான்மை. நாட்டில் கிட்டத்தட்ட எந்தத் தொகுதியை எடுத்தாலும் இதுதான் கணக்கு. சேரி மொத்தமும் ஒருவரை விரும்பினாலும், ஊர் வேறொருவரை விரும்பினால் ஊர் விரும்பியவரே நம் பிரதிநிதி. எனவே தனித்தொகுதியில் ஜெயிக்க நினைக்கும் தலித் வேட்பாளர், முதலில் ஊரைக் கோபப்படுத்தாதவராக இருக்க வேண்டியிருக்கிறது. தங்கையின் கேள்விக்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

இது அண்ணலுக்கு முன்பே தெரியாததா? தெரியும். இரட்டை வாக்குரிமைக்காக அவர் போராடியதே இதனால்தான். காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தது. அதில் 148 தனி இடங்கள் கிடைத்தன. கூடவே ஒரு சிறு பாதுகாப்பும் இருந்தது: முதல் கட்டமாகப் பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரைத்தான் பொது வாக்காளர்கள் தேர்வு செய்ய முடியும். குடியரசின் அரசியலமைப்பில் இடங்கள் தொடர்ந்தன, அந்த முதல் கட்டம் தொடரவில்லை. விளைவு 1952இல் தெரிந்தது. 489 மக்களவை இடங்களில் காங்கிரஸ் 364. அண்ணலின் கூட்டமைப்புக்கு இரண்டே இரண்டு: சோலாப்பூரில் பி.என். ராஜ்போஜ், கரீம்நகரில் எம்.ஆர். கிருஷ்ணா.

அண்ணல் தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. இந்து சட்ட மசோதா கைவிடப்பட்டதை அடுத்து அமைச்சரவையிலிருந்து விலகியிருந்தார். காங்கிரஸ் அலை வீசியது. கம்யூனிஸ்டுகளும் அவருக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார்கள். ஒரு தோல்வியை வைத்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. 1955 ஆகஸ்டில் அவருடைய கூட்டமைப்பே சட்டமன்ற, நாடாளுமன்றத் தனி இடங்களை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் போட்டது. "அம்பேத்கரே இடஒதுக்கீடு வேண்டாம் என்றார்" என்று யாராவது இதைத் தூக்கிக்கொண்டு வந்தால் தெளிவாகச் சொல்லுங்கள்: தீர்மானம் பேசியது தேர்தல் இடங்களைப் பற்றி. கல்வி, வேலை ஒதுக்கீட்டைப் பற்றி அல்ல. 'பத்து வருஷம்தான்' என்ற கெடுவும் அரசியலமைப்பில் தேர்தல் இடங்களுக்கு மட்டுமே இருந்தது.

இந்தக் கதைக்கு இன்னொரு பகுதி இருக்கிறது. பாடப் புத்தகங்களில் அதை நான் பார்த்ததில்லை. இரட்டை உறுப்பினர் தொகுதிகளில் ஒரு வாசல் திறந்திருந்தது. தனி இடத்துக்கான வேட்பாளர்கள் இருவர் மற்ற எல்லாரையும் விட அதிக வாக்கு வாங்கினால், ஒருவர் பொது இடத்தையும் பிடிக்கலாம். 1957இல் ஆந்திராவின் பார்வதிபுரத்தில் அதுவே நடந்தது. இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்றவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான வி.வி. கிரி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பழங்குடி வேட்பாளர் பொது இடத்தை வென்றது செல்லும் என்று 1959இல் தீர்ப்பு வந்தது. 1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பல. ஆனால் தீர்ப்பும் சட்டமும் இப்படி அடுத்தடுத்து வந்ததைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 'உன் இடத்தில் நீ இரு, பொது என்றால் எங்களுடையது' என்ற எண்ணம் ஊர்த்தெருவில் மட்டும் இருப்பதல்ல.

நம் மாநிலத்தில் அதன் கோர முகத்தையும் பார்த்தோம். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் தேர்தலில் நின்று ஜெயித்ததற்காகவே 1997இல் தன் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தனி ஊராட்சித் தேர்தலை நடக்க விடாமல் செய்தார்கள். நடந்தாலும், தாங்களே நிறுத்தி ஜெயிக்க வைத்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். இடம் நம் பெயரில், தேர்வு அவர்கள் கையில். 1952இல் எண்ணிக்கையால் நடந்தது, இங்கே அரிவாளாலும் மிரட்டலாலும் நடந்தது.

அப்படியானால் தனித்தொகுதியே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் அதையும் எடுத்துவிட்டால் சட்டமன்றத்தில் நம் முகமே இருக்காது. கட்சிகள் தாமாக நமக்கு இடம் கொடுத்துவிடும் என்று நம்ப வரலாற்றில் ஆதாரம் இல்லை. ஆனால் 'நம்ம ஆள் ஜெயிச்சாச்சு' என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது.

அடுத்த தேர்தலுக்கு முன் நாம் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, தனித்தொகுதி வேட்பாளரைக் கட்சி அறிவிக்கும் வரை காத்திருக்காமல், பூனா ஒப்பந்தத்தின் அந்த முதல் கட்டத்தை நாமே நடத்துவோம். சேரி சேரியாகக் கூடி, நாம் விரும்பும் பெயர்களைக் கட்சிகளிடம் கொடுப்போம். சட்டம் அதைக் கட்டாயமாக்காது, தடுக்கவும் முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு கேள்வி கேட்போம்: தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கானவை. மீதமுள்ள பொதுத்தொகுதிகளில் எத்தனை தலித்துகளை நிறுத்துகிறீர்கள்? பொது என்றால் நமக்கும் பொதுதான். மூன்றாவது, ஜெயித்தவரை ஐந்து வருடம் தனியாக விடக் கூடாது. ஊரின் அழுத்தம் அவர் மீது தினமும் இருக்கிறது. நம் அழுத்தம் தேர்தல் நேரத்தில் மட்டும் இருந்தால், அவர் யாருக்குப் பயப்படுவார்?

அந்தத் தங்கையிடம் இதையெல்லாம் சொன்னபோது, "அப்போ அவர் வாய் திறக்காததுக்கு நாமும் ஒரு காரணம், இல்லையாக்கா?" என்றாள். ஆமாம். நம்மால் மாற்ற முடிந்த காரணமும் அதுதான்.